எட்டாவது நாக்கு

பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் காதருகே வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார் அந்த அக்கா. காற்று கசிகிற சத்தம் கேட்டால் போதும், "இது பிரிக்கறதுக்கு முன்னயே நமுத்துட்சு" என்று மேசைமேல் வைத்துவிடுவார். கேட்காவிட்டால் பிரித்து, பாக்கெட்டின் வாயில் மூக்கை வைத்து ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் ஒரு துண்டை விரலால் ஒடிப்பார். ஒடிகிற சத்தம் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இன்னொரு துண்டு. நாக்குக்குக் கடைசியில்தான் வேலை. மென்று, மூடி போட்ட கப்பில் துப்பிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நொடிமுள் ஒரு சுற்று முடிகிறவரை மேனேஜரே வந்து கேட்டாலும் பதில் வராது.

"மொதல்ல வர்றது கம்பெனிக்காரன் போட்ட ருசிம்மா. அது அல்லாருக்கும் தெரியும். அது போன பின்னாடி ஒண்ணு வரும் பாரு, அதான் மெய்யாலுமே அந்தப் பண்டத்தோட ருசி."

இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எனக்கு அந்த இரண்டாவது ருசி ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒரகடம் ரோட்டில், கார் கம்பெனிகளுக்கும் செல்போன் கம்பெனிகளுக்கும் நடுவே எண்ணெய் வாடை அடித்துக்கொண்டு நின்ற ஒரே தொழிற்சாலை எங்களுடையது. சிப்ஸ், குச்சி, உருண்டை என்று நொறுக்குத் தீனி போடுகிற கம்பெனி. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு 2008இல் அங்கே தரக்கட்டுப்பாட்டில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் சாத்தூர் பக்கம். சேவுக்குப் பேர்போன ஊர்க்காரி, நாக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்து எடுத்ததாக மேனேஜர் பின்னாளில் சொன்னார். என் நாக்கு எதற்கு ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ருசி பார்ப்பதற்கென்று ஒரு அறை இருந்தது. எட்டுப் பேர் உட்காரத் தடுப்பு வைத்த எட்டு மேசை. பண்டத்தின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று சிவப்பு பல்பு. ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணம் வைப்போம். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு சரக்கு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கிண்ணத்துக்குக் கிண்ணம் வெந்நீரில் வாய் கொப்பளித்து, நாலு பொரியை மென்றுகொள்ளலாம். பவுடர், பூ, பாக்கு, காபி எதுவும் கூடாது. எட்டுப் பேரும் ஆபீஸ் ஆட்கள். கணக்குப் பிரிவு, ஸ்டோர், பர்ச்சேஸ். பாதிப் பேர் ஏசிக்காக வருவார்கள், மீதிப் பேர் தீனிக்காக.

ஒரு நாள் ஒருத்தர் வரவில்லை. எட்டுப் பேர் இல்லாமல் நடத்தக் கூடாது. "யாராவது ஒரு ஆள உக்கார வைம்மா, ஃபார்மாலிட்டிதானே" என்றார் மேனேஜர். வராந்தாவில் மாப் போட்டுக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர். காண்ட்ராக்டில் வந்த ஹவுஸ் கீப்பிங் ஆள். நாற்பது வயதிருக்கும். தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றச் சொன்னேன். கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

கடிகாரத்தைப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நடுவுல கீறது வேற. அது மட்டும் இல்ல. இத்த ஏதோ எறா பொரிச்ச எண்ணெயில போட்டிருக்காங்க."

சிரித்தேன். அப்புறம் ஒரு சந்தேகத்தில் லைனில் போய்க் கேட்டேன். முந்தின நாள் அதே வாணலியில் இறால் சேர்த்த வட்டச் சிப்ஸ் ஓட்டியிருந்தார்கள். கழுவினோம் என்று சத்தியம் செய்தார்கள். மற்ற ஏழு பேரில் ஐந்து பேர் தப்பான கிண்ணத்தைக் காட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர்தான் எட்டாவது ஆள். எப்படி இப்படி ஒரு நாக்கு என்று ஒரு நாள் கேட்டேன். "என் வூட்டுக்காரன் குட்சிட்டு வந்துகீறானா இல்லயான்னு வாசல்லயே கண்டுபிடிச்சாகணும். இல்லன்னா அடி எனுக்குத்தான். அப்டி வந்த மூக்கும்மா இது. நாக்கு அதுக்குத் தொண" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார். அக்கா பூவை விடவில்லை என்றாலும், அந்த மனுஷன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. மூக்குக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை.

சாத்தூரிலிருந்து நான் கொண்டுபோன சேவுப் பொட்டலத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டு, ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நேத்து எண்ணெயில இன்னிக்கி எண்ணெய ஊத்திகீறான்" என்றார். எங்கள் ஊர்ப் பெருமை அல்லவா, எனக்குச் சுருக்கென்றது. அப்பா கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அப்படியென்றால் உண்மைதான் என்றார் அப்பா.

மேனேஜர் அறையில் ஒரு இரும்பு அலமாரி. சிங்கப்பூர், துபாய், ஜப்பான் என்று யார் போனாலும் அந்த ஊர் பாக்கெட்டுகளை வாங்கிவரச் சொல்லி அதில் அடுக்குவார். கொரியாக்காரர்களுக்காக ஸ்ரீபெரும்புதூரில் கடை வந்த பிறகு அங்கேயும் போய் அள்ளிக்கொண்டு வருவார். அடுத்தவன் எதைச் செய்கிறான் என்று தெரிந்தால்தான் நாம் அதைவிட நன்றாகச் செய்யலாம் என்பது அவர் கட்சி. சனிக்கிழமை மத்தியானங்களில் அக்காவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

கடல்பாசித் தாளை வாயில் வைத்துவிட்டு, "ஏரி வத்தும்போது கரையில ஒரு வாட வரும் பாரு, அத்த உப்பு போட்டுக் காயவெச்சிருக்கான். ஆனா நல்ல உப்பு" என்றார். வெளிநாட்டுச் சீஸ் உருண்டைக்கு, "கைக்கொயந்த கக்குன பாலு. துணிய மாத்தாம வுட்டா வருமே, அது." புளித்த கிரீம் போட்ட சிப்ஸுக்கு, "இத்தப் போயி கப்பல்ல ஏத்தி அனுப்பிகீறானே, நம்ம வூட்டு மூணாம் நாள் மோருக்கு இன்னா கொறச்சல்?" புரட்டாசி மாதத்தில் கவிச்சி தொடமாட்டார். ஆனால் இறால் பாக்கெட்டை ஒதுக்கவும் மாட்டார். "முயுங்கனாத்தான் தோஷம். துப்பறத எல்லாம் பெருமாளு கணக்கு வெச்சிக்கினா அவருக்கு வேற வேல ஓடாது."

ரிப்போர்ட் நான்தான் எழுதுவேன். கைக்குழந்தை கக்கின பாலை நல்ல ஆங்கிலத்தில் எழுத ஒரு வார்த்தை உண்டு. ஏரிப் பாசிக்கும் ஒன்று உண்டு. அவற்றைப் போட்டு அடியில் என் பெயரை எழுதுவேன். "எக்ஸலண்ட் ஆப்சர்வேஷன், இவ்வளவு ஷார்ப்பா யாருமே எழுதினதில்ல" என்று மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு தடவைகூட, இது அந்த அக்கா சொன்னது சார் என்று என் வாய் திறக்கவில்லை. டிரெய்னி என்ற வார்த்தையைக் கழற்றிவிட்டு என்னை ஜூனியர் ஆபீசர் ஆக்கினார்கள். அக்காவுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தேன். அதையும் ருசி பார்த்து, "டால்டா" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது மைசூர்பாகு இல்லை. கம்பெனி ரோல். காண்ட்ராக்டிலிருந்து ரோலுக்கு வந்தால் வேலை நிரந்தரம், காண்ட்ராக்டரின் வசவு கிடையாது. எல்லாவற்றையும்விட, கம்பெனி பஸ். அந்த பஸ் தினமும் காலையில் பிள்ளைப்பாக்கத்தில் அவர் தெருமுனையில் நின்று இரண்டு ஆபரேட்டர்களை ஏற்றிக்கொண்டு வரும். காண்ட்ராக்ட் ஆள் அதில் ஏறக் கூடாது. அவர் அதே முனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். "நான் நின்னுகினு கீறேன், அது என் மூஞ்சில பொகய வுட்டுட்டுப் போவுது. ஒரு நாளு அதுல ஜன்னல் ஓரமா குந்தினு வரணும்மா" என்பார். ஒரு வருஷம் ஒழுங்காகப் பண்ணட்டும், லேப் அசிஸ்டென்டாக எடுத்துவிடலாம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவர் வீட்டில் காரத்தைக் குறைத்தார். பாக்கை விட்டார். கொடுத்த வெள்ளைக் கோட்டை வாரம் தவறாமல் வீட்டில் துவைத்து, நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துவருவார்.

ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் அவர் கருத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தாள் முழுக்க ஆங்கிலம். அவர் அஞ்சாவது வரை படித்தவர், தமிழில் கையெழுத்துப் போடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் டிக் போடுவேன். கையெழுத்து விட்டுப்போனால் மற்ற ஏழு பேர் அவரவர் மேசையில் கிடைப்பார்கள், அவரைத்தான் எந்த மூலையில் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும். தேடிப் போனால் அவருடைய சூப்பர்வைசர் முறைப்பான். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத் தாள்களில் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஆரம்பித்தேன். வேலை சுலபம். அவரும் படிக்கத் தெரியாத தாளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, எழுத்துக் கூட்டி, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

அந்த வருஷம் மசாலா குச்சி முதல் தடவையாக வெளிநாட்டுக்குப் போகிறது. எட்டில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும் சரக்கை நிறுத்தி மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது வாங்குகிறவன் போட்ட விதி. கேட்டில் கண்டெய்னர் லாரி நிற்கிறது. சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் கப்பல் போய்விடும். எண்ணெய்க்கு லேபில் பார்த்த சோதனையில் வரம்புக்குள் என்றுதான் வந்தது. விளிம்பை ஒட்டி, ஆனால் வரம்புக்குள். ஏழு பேர் நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா ஒரு சுற்று பார்த்தார். அன்றைக்கு இரண்டாவது சுற்றும் பார்த்தார்.

"மொதல்ல ஜோரா கீதும்மா. பின்னாடி கசக்குது. எண்ணெ செத்துப்போச்சு. இது இன்னிக்கிக் கொஞ்சமாத்தான் தெரியும். டப்பாவுல கெடந்தா நாறிடும். நிறுத்தச் சொல்லு."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லேப் வேல்யூ ஓகே. ஏழு பேர் ஓகே. பெருக்கற அம்மா நாக்க நம்பி கண்டெய்னர நிறுத்தினேன்னு எம்டிகிட்ட நீ வந்து சொல்றியா?" என்றார். கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "எட்டு தாளும் அஞ்சு நிமிஷத்துல என் டேபிள்ல இருக்கணும்."

கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் என் டிராயரில் இருந்தது. 'ஏற்கத்தக்கது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மெஷின் சரி என்கிறது, ஏழு பேர் சரி என்கிறார்கள், நமக்கென்ன என்றுதான் நினைத்தேன். ஒரு பெயருக்கு மேலே, அந்தப் பெயர்க்காரி சொல்லாததை எழுதினேன். அந்தப் பெயரை ஒரு தடவை பயன்படுத்தியது போதும். இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான்.

சாயங்காலம் படிக்கட்டில் மாப்போடு நின்றவர் கேட்டார், "இன்னாம்மா, நிறுத்திட்டாங்களா?"

"திரும்பப் பாக்காங்கக்கா" என்றேன்.

"அதான் செரி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஐந்து மாதம் கழித்து மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் பழைய எண்ணெய்ப் பீப்பாய் வாடை. வாங்கினவனின் ஆள் ஒருவர் விசாரணைக்கு வரப்போவதாகக் கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் பரிகாரம் ஒன்றும் எழுதி வைத்திருக்க வேண்டும். எண்ணெய் வாங்கியது பர்ச்சேஸ். அனுப்பியது மேனேஜர். ஏழு பேர் ரோலில் இருப்பவர்கள். ரோலில் இல்லாத ஆள் ஒருவர்தான். 'ருசி பார்க்கும் குழுவில் தகுந்த பயிற்சி இல்லாத நபர் இடம்பெற்றது காரணம். அவர் நீக்கப்பட்டார்.' இந்த இரண்டு வரியையும் மேனேஜர் சொல்ல, நான் டைப் அடித்தேன். மேற்படி நபரின் நாக்கை வைத்து எனக்கு உத்தியோகம் வந்த கதையை அதில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரோல் விஷயமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

மேனேஜர் தாளை அவர் பக்கம் திருப்பினார். "பாரும்மா. உன் கையெழுத்துதானே? நல்லா இருக்குன்னு போட்டிருக்க. சரக்கு பூரா நாசம்."

அக்கா குனிந்து கையெழுத்தைப் பார்த்தார். விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "கையெயுத்து என்துதான் சார். ஆனா அன்னிக்கி... லாரி நின்னுகினு இருந்திச்சே, அன்னிக்கித்தான? நான் கசக்குதுன்னு சொன்ன மாரி கீதே." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் இன்னாம்மா சொன்னேன்? நீதான எய்தன?"

ஒரு வார்த்தை. ஆமாக்கா, கசக்குதுன்னுதான் சொன்னீங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். சாத்தூரில் அப்பா வாங்கியிருந்த வீட்டுக் கடன், பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற உத்தியோகம் என்று சாக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. பயம், அவ்வளவுதான்.

"பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான்க்கா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. என்னைச் சந்தேகப்படவும் அவருக்குத் தோன்றவில்லை. படித்த பெண், கூடவே உட்கார்ந்து எழுதியவள், பொய்யா எழுதுவாள்? சந்தேகப்பட வேறொன்று அவரிடம் இருந்தது.

"அப்ப நாக்குதான் ஏமாத்திட்சு போல" என்றார் மெல்ல. "ஒருவேள நான் நெனச்சேனோ இன்னாவோ, வாயால வேற சொல்லிட்டனோ... வயசாவுதில்ல சார்."

மறுநாள் வெள்ளைக் கோட்டு என் மேசையில் இருந்தது. துவைத்து, நியூஸ்பேப்பரில் சுற்றி.

குழுவிலிருந்து எடுத்த பிறகு ஹவுஸ் கீப்பிங்கில் மட்டும் மூன்று மாதம் இருந்தார். நான் ஒரு நாள் அலமாரியிலிருந்து ஒரு ஜப்பான் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், "பாத்துச் சொல்லுங்கக்கா" என்றேன். எனக்கு நானே நல்லவளாக வேண்டியிருந்தது. அவர் அதைக் காதருகே கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "எனுக்கு இன்னாம்மா தெரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

2014இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போகிறேன். பத்திரிகை கொடுக்கிற சாக்கில் லீவு போட்டுவிட்டு ஒரு நாள் காலையில் பிள்ளைப்பாக்கம் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு. அக்கா வீட்டில் மெஸ் மாதிரி நடத்திக்கொண்டிருந்தார். கம்பெனிகளில் வேலை செய்கிற எங்கள் சாத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. பெரிய அலுமினிய குண்டானில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தலை நிறைய மல்லிகை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மொகமே களையா கீது. மாப்ள இன்னா பண்றாரு?"

சொன்னேன். தெருமுனையில் பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. "உங்க பஸ்ஸு போவுது" என்றார், திரும்பிப் பார்க்காமலே. வழியில் அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் அங்கே கலைந்துபோனது.

கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினார். "உப்பு ஒறப்பு செரியா கீதா பாரும்மா. எனுக்கு நாக்கு போய்ட்சே, தெரியல. மருமவதான் பாத்துச் சொல்லும், அது துணி காயப்போடப் போய்கீது."

நக்கினேன். உப்பு, புளி, காரம் எல்லாம் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நின்றன. அவர் சொன்னபடி நான் காத்திருந்தேன். சுவரில் கடிகாரம் இல்லை, மனசுக்குள் எண்ணினேன். முதல் ருசி போன பிறகு, கருவாட்டுக்கு அடியிலிருந்து வறுத்த வெந்தயத்தின் லேசான கசப்பு ஒன்று எழுந்து வந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அது தெரிந்தது.

"சரியா இருக்குக்கா. எல்லாமே சரியா இருக்கு" என்றேன். "உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல. என்னைக்கும் ஆகல."

அக்கா சிரித்தார். என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"நீ நல்ல பொண்ணும்மா. நல்லா இல்லன்னாலும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவ."

அந்தச் சிரிப்பில் ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒன்றும் இல்லை. அவர் மனதார என்னைப் பாராட்டினார். நான் அழவில்லை. அழுதால் எதற்கு என்று கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டும்.

கொல்லைப்புறத்திலிருந்து மருமகள் ஈரக் கையோடு வந்தாள். அக்கா கரண்டியை அவளிடம் நீட்டினார். அவள் நக்கிப் பார்த்துவிட்டு, "செரியா கீது அத்த" என்றாள். அதற்குப் பிறகுதான் அக்கா அடுப்பை அணைத்தார்.